சும்மா காட்டிய சண்டைப் படம்

மச்சான்,

நேற்று மத்தியானம் கூலிமில் ஒரு படக் கொட்டகைக்கு என் மகன் என்னை இழுத்துக்கொண்டு போனான். வாசலில் கச்சாங் பூத்தே கடலை விற்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்கிக் கையில் கொடுத்தான். உள்ளே போய் உட்கார்ந்தோம். வியர்வையும் சுருட்டுப் புகையும் கலந்த அந்தப் பழைய நாற்றம். விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்துக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார்கள். கடைசிக் கதவு சாத்திய சத்தத்தில் என் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்து கடலையெல்லாம் சிதறிவிட்டது.

"என்னப்பா?" என்றான் மகன்.

"ஒண்ணுமில்ல, கை நழுவிடுச்சு" என்றேன்.

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அன்றைக்கப்புறம் நான் எந்தக் கொட்டகைக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய அம்மாவுக்கும் தெரியாது, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உனக்குத் தெரியும்.

நேற்றுப் பார்த்ததும் சண்டைப் படம்தான். இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள், கூட்டாளிகள். காட்டுக்குள் ஒருவனுக்கு வயிற்றில் குண்டு பட்டுவிடுகிறது. மற்றவன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு, மலை எல்லாம் தாண்டுகிறான். கடைசியில் அவனை ஒரு மரத்தில் சாய்த்து வைத்து, ஒரே சிகரெட்டை இரண்டு பேரும் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள். அடிபட்டவன் ஏதோ சிரிப்பாகச் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். சட்டையில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். கூட்டாளி அவன் கண்களை மூடிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடக்கிறான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொட்டகை முழுக்க கைதட்டியது.

"ஆம்பளன்னா இப்படி இருக்கணும்லா, என்னப்பா?" என்று மகன் என் தொடையைத் தட்டினான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். காலையில் எழுந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

திகாம் பத்துக்குப் பக்கத்தில் நம் ரப்பர்த் தோட்டம். உன் வீடும் என் வீடும் ஒரே லயத்து வரிசையில், நடுவே ஒரு பலகைச் சுவர்தான். சின்ன வயதிலிருந்தே நான்தான் முரடன். இரண்டு பால் வாளியையும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் வைத்தால், ஸ்டோர் வரைக்கும் இறக்காமல் கொண்டுபோவேன். மீசையை முறுக்கிக்கொண்டு திரிவேன். நீ எதற்கெடுத்தாலும் அழுவாய். தோட்டத்தில் கூத்துப் போட்டால் ராஜா வேஷக்காரன் செத்ததற்கு அழுவாய். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை நீயே அழுதாய், பெண் சிரித்தாள். 'அழுமூஞ்சி' என்ற பேரை உனக்கு வைத்தது நான்தான். தோட்டமே அப்படிக் கூப்பிட்டது. நீ கோபித்துக்கொண்டதே இல்லை. "அழுதா கண்ணுல தண்ணிதான் மச்சான் போவும், உசுரா போவப் போவுது?" என்பாய்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை எப்போதோ ஓடிவிட்டார். பால் வெட்டு நின்றுபோய், மரத்துக்கு நடுவில் மரவள்ளி நட்டுத் தின்றுகொண்டிருந்தோம். சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒருநாள் தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று சொன்னார்: "சுங்கைப் பட்டாணியில படம் காட்டுறாங்க. காசு வேணாம், சும்மாதான். சண்டைப் படம். ஆம்பளைங்க எல்லாம் வரலாம். லோரி வரும்."

படம் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! லயமே கூத்தாடியது. நான் உன் வாசலுக்கு ஓடி வந்தேன். நீ கீழே உட்கார்ந்து வெந்நீரில் துணி நனைத்து, பாக்கியத்தின் கால் வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாய். அவளுக்கு ஏழு மாதம்.

"நான் வரல மச்சான். இவளுக்கு முடியல."

பாக்கியம் உள்ளேயிருந்து கேட்டாள். "எவனாச்சும் சும்மா படம் காட்டுவானாண்ணே? அதுவும் ஆம்பளைங்களுக்கு மட்டும்?"

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக நான் சொன்னேன்: "பொண்டாட்டி காலப் புடிச்சிக்கிட்டே கெடடா. நாங்க ஆம்பளைங்க போயிட்டு வர்றோம்."

சிரித்தார்கள். நீ துணியைப் பிழிந்து கொடியில் போட்டாய். சட்டையை எடுத்தாய். "பொழுதுசாய வந்துர்றேன் பாக்கியம்" என்றாய்.

அந்தக் கொட்டகையில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். திரையில் ஜப்பான் சிப்பாய்கள். அவர்களிலும் இரண்டு கூட்டாளிகள். ஒரே சோற்று உருண்டையைப் பிய்த்து இரண்டு பேரும் தின்றார்கள். மேடைக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருவன், வெள்ளைச் சட்டை போட்டவன், குழாயை வாயில் வைத்துக் கதை சொன்னான். "பாருங்க, ராஜாவுக்காக எப்படிச் சாவுறாங்க பாருங்க! ஆம்பளைங்கன்னா இவங்கதான்!" ஒரு கூட்டாளி மற்றவனைக் காப்பாற்றக் குண்டுக்கு நெஞ்சைக் காட்டினான். நீ விசும்பினாய். நான் வெட்கப்பட்டு உன் விலாவில் முழங்கையால் இடித்தேன்.

படம் முடிவதற்குள் விளக்கு எரிந்தது. சாத்திய கதவு ஒவ்வொன்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான். வெள்ளைச் சட்டைக்காரன் அதே குழாயில், அதே குரலில் சொன்னான்: "யாரும் பயப்படாதீங்க. மூணு மாசம் வேல. சயாமுல. சாப்பாடு, சம்பளம் எல்லாம் உண்டு." பின்வாசலில் லோரிகள். அங்கிருந்து நேரே ரயில் ஸ்டேஷன். கொட்டகையிலிருந்து ஒருவனும் வீட்டுக்குப் போகவில்லை.

சாமான் ஏற்றுகிற இரும்புப் பெட்டி. உட்கார இடமில்லை. குருண் பக்கம் ரயில் மெதுவாகப் போனபோது, கதவு இடுக்கில் நம் ஊர் ஜெராய் மலை தெரிந்தது. நீ அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாய். "பாக்கியம் சுடுதண்ணி வச்சிக் காத்திருப்பாளே" என்று அழுதாய். "பொம்பள மாதிரி ஒப்பாரி வைக்காதடா" என்று யாரோ கத்தினான். நானும் சேர்ந்து கத்தினேன். உன்னை இழுத்து வந்தவன் நான், கத்தியதும் நான். நீ ஒருமுறைகூட "உன்னாலதான்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அழுது முடித்ததும் நீதான் முதலில் எழுந்தாய். மயங்கிக் கிடந்தவர்களைக் காற்று வருகிற பக்கமாக மாற்றி மாற்றி உட்கார வைத்தாய். கத்தியவனையும்தான்.

ரயில் விட்ட இடத்திலிருந்து நாள் கணக்கில் காட்டுக்குள் நடந்தோம். மூங்கிலை நட்டு, கிழிந்த அத்தாப்பு ஓலையைப் போட்ட கொட்டாய். மழை வெளியே பெய்ததைவிட உள்ளே அதிகம் பெய்தது. ரயில் பாதை போட மண் வெட்டினோம், கட்டை சுமந்தோம். முதல் மாதம் நான் அங்கேயும் ஆம்பளைதான். இரண்டு பேர் தூக்குகிற கட்டையை ஒருவனாகத் தூக்கிக் காட்டினேன். ஜப்பான்காரன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான், நான் சிரித்தேன். நீ சாயங்காலம் சொன்னாய்: "எவனுக்கு மச்சான் காட்டுற? உடம்பு உன்னுது."

பிறகு முழங்காலுக்குக் கீழே ஒரு மூங்கில் கீறியது. நகக்கீறல் அளவுதான். பத்து நாளில் அது எலும்பு தெரிகிற புண்ணானது. நாற்றம் தாங்காமல் பக்கத்தில் படுத்தவர்கள் நகர்ந்து போனார்கள். வேலைக்குப் போகாதவனுக்குப் பாதிச் சோறு. நீ உன் சோற்றைப் பிரித்து வைத்தாய். அந்தப் படத்தில் சோற்று உருண்டையைப் பிய்த்தது எனக்கு நினைவு வந்தது. ஆனால் அதில் யாரும் புழுவைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பிரித்துக் கொடுக்கவில்லை.

மூங்கிலைச் சீவித் தகடு மாதிரி செய்து, அதை வெந்நீரில் போட்டெடுத்து, என் புண்ணிலிருந்த அழுகலைத் தினமும் நீ சுரண்டினாய். நான் துணியைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். வலிப்பவன் நான், அழுகிறவன் நீ. உன் கண்ணீர் என் காலில் விழும். "கொஞ்சம் பொறுத்துக்க, கொஞ்சம் பொறுத்துக்க" என்று அழுதுகொண்டே சுரண்டுவாய், ஆனால் உன் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

சீதபேதி வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது என் கோவணத்தை ஓடைக்குக் கொண்டுபோய் அலசி வந்தாய். வலியைவிட எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. "எவனாச்சும் பாக்கப் போறான்டா, வச்சிட்டுப் போடா" என்று உன்னைத் திட்டினேன்.

"பாக்கியத்துக்கு வாந்தி வந்தப்ப நாந்தானே தொடச்சேன். ஒடம்புன்னா இப்படித்தான் மச்சான். இதுல என்ன ஆம்பள, பொம்பள?"

உன்னால்தான் என் கால் ஆறியது. கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில்தான் வாந்திபேதி வந்தது.

காலையில் நீ வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை வாந்தி எடுத்தாய். மத்தியானத்துக்குள் உன் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண்கள் குழிக்குள் போய்விட்டன. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறியது மாதிரி சுருங்கிவிட்டது. பேதி வந்தவர்களை ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு கொட்டாய் போட்டு அதில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று உத்தரவு. போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. சாக்கை இரண்டு மூங்கிலில் கட்டி உன்னைப் படுக்க வைத்து, நானும் கூலிம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரும் தூக்கிக்கொண்டு போனோம். நான் நொண்டி நொண்டிப் போனேன்.

அந்தக் கொட்டாயைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீ பார்த்தாய், போதும்.

உன்னை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். உன் குரல் போய்விட்டிருந்தது, காற்றுதான் வந்தது. "கொஞ்ச நேரம் இரு மச்சான். ஒத்தையில பயமா இருக்கு." அழுதாய். கண்ணீர் வரவில்லை, உடம்பில் தண்ணீரே இல்லை. முகம் மட்டும் அழுதது.

கூட வந்தவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம். பேதி ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். அந்தப் பயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். என் புழுத்த காலை மடியில் வைத்துச் சுத்தம் செய்த உன்னுடைய விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்துக்கொண்டே சொன்னேன்: "அழாதடா. ஆம்பளயா இரு."

நீ உடனே நிறுத்திவிட்டாய். பிறந்ததிலிருந்து யார் சொல்லியும் அழுகையை நிறுத்தாத நீ, நான் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டாய். தலையை மூங்கில் தட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஓடைக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. கொட்டாயோடு கொளுத்திவிட்டார்கள். உள்ளே உயிரோடு யாராவது இருந்தார்களா என்று நான் யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கும் மண் வெட்டப் போனேன்.

ஜப்பான்காரன் தோற்ற பிறகு, மாதக் கணக்கில் காத்துக் கிடந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தேன். நம் லயத்திலிருந்து அந்தப் படத்துக்குப் போனவர்களில் நான் ஒருவன்தான் திரும்பினேன். பாக்கியம் வீட்டு வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு உன் மகள் நின்றாள். உன் நெற்றி, உன் கண். பாக்கியம் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே. அவரு எப்படிப் போனாரு?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "என் மடியிலதாம்மா தல வச்சிருந்தான். 'பாக்கியத்தப் பாத்துக்க மச்சான்'னு சொன்னான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. சிங்கம் மாதிரி போனான்." சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, அந்த வெள்ளைச் சட்டைக்காரன் குழாயில் சொன்ன கதையைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அழலயா?"

"அழல." நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

"முருங்க மரம் காத்துல சாஞ்சதுக்கு அழுத மனுசண்ணே அவரு. சாவுறப்ப அழலயா? அப்ப நீங்க அவரு பக்கத்துல இல்ல."

மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புண்ணைச் சொன்னேன், கோவணத்தைச் சொன்னேன், சாக்கில் தூக்கிப் போனதைச் சொன்னேன், நான் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன், புகையையும் சொன்னேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

"எந்தக் கையப் புடிச்சாரு?"

இடது கையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு வலிக்கப் பிடித்தாள். தலையை அதன்மேல் வைத்துக்கொண்டு, லயத்து ஆட்களெல்லாம் ஓடிவரும்படி ஓவென்று அழுதாள். பிள்ளையும் பயந்து அழுதது. ஊர் கூடி நின்ற பிறகு, தானாகவே என் கையை விட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்கண்ணே" என்றாள். 'அண்ணே' என்றுதான் சொன்னாள்.

நான் கூலிமுக்கு வந்துவிட்டேன். வேறு தோட்டம், கல்யாணம், பிள்ளைகள். என் மனைவி செத்த அன்று நான் அழவில்லை. "கல்லு மாதிரி நின்னாரு, ஆம்பள" என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கல் என்றது சரிதான். உன்னை விட்டுவிட்டு ஓடையைத் தாண்டி வந்த நாளிலிருந்து எனக்கு அழுகை வருவதில்லை. எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்.

உன் மகளைக் குருணில் ஒரு துணிக்கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். தன் பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தெருவில் நின்று, மூக்கைச் சிந்திக்கொண்டு, தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். இறங்கலாமா என்று எழுந்தேன். பாக்கியம் சொன்னது நினைவு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான், பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன். ஒன்றைச் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. நேற்று என் மகன் தொடையைத் தட்டிக் கேட்டபோது அவனிடமும் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன்னை விட்டுவந்த அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. நான் கொட்டாயில் படுத்திருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கூப்பிட்டாய். அழவில்லை, கூப்பிட்டாய். "மச்சான்... மச்சான்..." என்று. அந்தத் தொண்டையில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ. பக்கத்தில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். "உன் கூட்டாளி குரல் மாதிரி இருக்கே. உன்னத்தான் கூப்புடுறான்."

"யாரோ" என்றேன்.

மூன்று தரம் கூப்பிட்டாய். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.